ஞாயிற்றுக்கிழமை மாணவிக்கு

இன்று காலை பக்கத்து வீட்டு அடுக்களையில் யாரோ வாழையிலையைத் தீயில் வாட்டினார்கள். அந்த வாசம் மதில் தாண்டி வந்து மூக்கில் ஏறியதும், பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். பச்சை இலை கருகாமல் வதங்கும்போது ஒரு வாசம் வருமே, அதேதான். போதாததற்கு ஞாயிற்றுக்கிழமை வேறு. வாயில் நுரையோடு, "ஏட்டி, பொதி கட்டியாச்சு, பஸ்ஸு போயிரும்" என்று கத்தப் போனேன். நல்ல வேளை, கத்தவில்லை. கத்தியிருந்தால் பக்கத்து வீட்டுக்காரி துபாய்க்குப் போன் போட்டு, உங்க அப்பாவுக்கு ஒரு மாதிரியா இருக்கு மக்கா என்று நம் மகனிடம் சொல்லியிருப்பாள்.

உனக்கு நான் இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. கல்யாணத்துக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. மார்த்தாண்டம் சந்தையில் வாழைக்குலை விற்கிறவன் யாருக்கு என்ன எழுத? எழுத்து வேலையெல்லாம் நம் வீட்டில் உன் பாடு. ஆனால் இன்று அந்த இலை வாசம் என்னைச் சும்மா விடவில்லை. கடைக்குப் போகாமல் உன் மேசையிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் சிவப்பு மையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதே.

எல்லாம் தொடங்கியது மகன் துபாய் போன அந்த வாரத்தில்தான். நான் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்றுகொண்டிருந்தேன். நீ எதிரில் உட்கார்ந்து, தட்டைத் தொடாமல், "இஞ்ச பாருங்க, நான் படிக்கப் போறேன்" என்றாய்.

"என்னத்த?"

"கணக்கு. கரஸ்ல பி.எஸ்சி. ஞாயிறுதோறும் நாகர்கோவில்ல வகுப்பு உண்டாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் முன்னறையில் நீ டியூஷன் எடுக்கத் தொடங்கி மகன் வளர்ந்து ஆளாகிவிட்டான். இந்தத் தெருவில் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டிலும் கணக்கில் பாஸான பிள்ளைகளில் பாதிப்பேர் உன் பாயில் உட்கார்ந்து எழுந்தவர்கள். ஒரு பட்டமும் இல்லாமலேயே ஊருக்கு நீ 'கணக்கு டீச்சர்'. சந்தையில் என்னைக்கூடக் குலைக்காரன் என்று சொல்ல மாட்டார்கள், கணக்கு டீச்சருக்க வீட்டுக்காரர் என்பார்கள். அதனால், "நீதான் ஊருக்கே கணக்கு சொல்லிக் குடுக்குதியே, இனி படிக்க என்ன கெடக்கு?" என்று கேட்டேன்.

"அது பள்ளிக்கூடக் கணக்கு. அதுக்கு மேல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியணும்."

அவ்வளவுதான். உன் அப்பா இறந்த வருஷம்தான் நீ பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாய். உன் அண்ணன் உன்னைக் கல்லூரிக்கு அனுப்பாமல் எனக்குக் கட்டிக்கொடுத்தார். அந்தப் பேச்சை நீ அன்றும் எடுக்கவில்லை, பிறகும் எடுத்ததில்லை. தெரியணும் என்றாய், பிறகு தட்டை இழுத்து வைத்துச் சாப்பிட்டாய். உனக்கு நாற்பத்திரண்டு வயது.

ஊர் சும்மா இருக்குமா? ஞாயிறு திருப்பலிக்கு வராமல் கணக்குப் படிக்கப் போகிறாள் என்று தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில் பேச்சு வந்தது. நீ சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்கு முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாய், பேச்சு அடங்கியது. உன் அண்ணன் வந்து, "பேரப்பிள்ள எடுக்கப்பட்ட காலத்துல பை தூக்கிட்டுப் போறாளாம், கொள்ளாம்!" என்று சொல்லிவிட்டுச் சாயா குடித்துப் போனார். அவரும் உள்ளதைத்தான் சொன்னார். நீ உண்மையிலேயே பை தூக்கிக்கொண்டுதான் போனாய், மகன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன பழைய நீலப் பை.

ஞாயிறு உனக்கு இலையில் சோற்றுப் பொதி கட்டுவது என் வேலை என்று நானாகத்தான் சொன்னேன். சந்தைக்கு லாரி வருகிற நேரத்துக்கு எழுந்து பழகின உடம்பு. சோறு, பயறு தோரன், தேங்காயோடு அரைத்த மாங்காய்ச் சம்மந்தி, பொரித்த மீன் ஒரு துண்டு. இலை நம் கடை இலை. "டிபன் பாக்ஸ் போதாதா, எல்லாரும் பாக்குதாவ" என்று முதல் வாரம் சிணுங்கினாய். அடுத்த வாரம், "கொஞ்சம் கூட வையுங்க, பொதியைப் பிரிச்சா நாலு கை வருது" என்றாய். உன் வகுப்பில் கடைக்கு வேலைக்குப் போகிற பெண்கள், ஒரு போலீஸ்காரர், அங்கன்வாடி டீச்சர் என்று எல்லாத் தரமும் உண்டு. உனக்கு அடுத்தபடி வயதில் மூத்தவர் அந்தப் போலீஸ்காரர், அவரே உன்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாராம். பாடம் எடுத்த மேடமும் அப்படித்தான். நீ அவரை மேடம் என்பாய், அவர் உன்னை அக்கா என்பார். உன்னைவிட எவ்வளவோ சின்னப் பெண்.

முதல் மாதம் நீ பட்ட பாட்டைப் பார்த்து எனக்கே மனசுக்குள் வெப்ராளம் பிடித்தது. ஒரு மணி நேரத்தில் பலகை நிறையக் கணக்குப் போட்டுத் தள்ளுகிறவள், ஒரே பக்கத்தை ஒரு வாரமாகத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தாய். அடுப்பில் கறி கொதிக்கும், கையில் அந்தப் பக்கம். துணி காய்கிற கொடியில் கிளிப் மாட்டிக்கொண்டே அந்தப் பக்கம். "ஏட்டி, அந்தப் பக்கத்துல என்ன பசையா ஒட்டியிருக்கு? திருப்பேன்" என்றேன்.

"இது வாசிச்சுட்டுப் போற புஸ்தகம் இல்ல. ஒவ்வொரு வரியிலயும் ஏன்னு கேக்கணும். இந்த மூணாவது வரிக்கு ஏன்னு எனக்கு இன்னும் பிடிபடல்ல."

"மூணாவது வரியா! ஒரு வாரத்துக்கு மூணு வரின்னா நீ பட்டம் வாங்கும்போது எனக்குப் பல்லே இருக்காது."

சிரிக்கவில்லை நீ. கோபமும் படவில்லை. வியாழக்கிழமை கடைக்குப் போன் வந்தது. குலை ஏலம் போய்க்கொண்டிருந்தது, சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. "பிடிபட்டுட்டு!" என்று மட்டும் கேட்டது. மீன் வாங்கின மாதிரி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, "என்ன மீனு?" என்றேன். "மூணாவது வரி!" என்று நீ போனிலேயே கூவினாய். எனக்கு அதில் ஒரு மண்ணும் புரியாது, ஆனாலும் பக்கத்துக் கடைக்காரனிடம் போய், எனக்க பெண்டாட்டிக்கு மூணாவது வரி பிடிபட்டுட்டு ஓய் என்று சொன்னேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

அதற்கப்புறம் வந்தது அந்த ஞாயிறு. சாயங்காலம் பஸ்ஸிலிருந்து நீ இறங்கும்போதே முகம் சரியில்லை. பொதியும் பிரிக்காமல் திரும்பி வந்திருந்தது. நான் பால் விடாமல் கட்டன் சாயா போட்டுக் கொடுத்தேன். நீ பாதி குடித்துவிட்டுச் சொன்னாய்.

மேடம் ஒரு கணக்கை நிரூபிக்கச் சொல்லியிருக்கிறார். இரண்டு பக்கமும் சமம் என்று காட்ட வேண்டும். நீதான் முதலில் எழுந்து போயிருக்கிறாய், டியூஷன் டீச்சர் இல்லையா? எத்தனை வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரியே எழுதினாய். கேட்டதை முதல் வரியில் எழுதினாய், இரண்டு பக்கத்தையும் வர்க்கப்படுத்தினாய், வெட்டிக் கழித்தாய், கடைசியில் இரு பக்கமும் ஒன்றாக வந்தது. 'எனவே நிரூபிக்கப்பட்டது' என்று எழுதி அடியில் இரட்டைக் கோடும் போட்டாய். மேடம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அக்கா, எதை நிரூபிக்கணுமோ அதையே முதல் வரியில் உண்மைன்னு எடுத்துக்கிட்டீங்களே" என்றாராம். உனக்கு அவர் சொன்னது விளங்கவில்லை. உடனே அவர் சாக்பீஸை வாங்கி, உன் கணக்குக்குப் பக்கத்தில் எழுதினார். மூன்றும் மைனஸ் மூன்றும் சமம். இரண்டு பக்கமும் வர்க்கப்படுத்தினார். ஒன்பதும் ஒன்பதும் சமம். எனவே நிரூபிக்கப்பட்டது. இரட்டைக் கோடு.

வகுப்பே சிரித்ததாம். நீயும் சிரித்தாயாம். பிறகு பெஞ்சில் போய் உட்கார்ந்து, அந்த இரண்டு கணக்கையும் நோட்டில் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தாயாம்.

"அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? ஒரு கணக்கு தப்பிப் போச்சு, அவ்வளவுதானே" என்றேன்.

"ஒரு கணக்கு இல்லங்க. நான் இத்தனை வருசமா எல்லா பிள்ளையளுக்கும் இதைத்தானே சொல்லிக் குடுத்தேன். முதல் வரியில கேட்டதை எழுது, கடைசி வரியில நிரூபிக்கப்பட்டதுன்னு எழுது, நடுவுல என்ன வந்தாலும் பேனாவ நிறுத்தாதேன்னு. மைனஸ் மூணையும் மூணையும் ஒண்ணாக்கிக் குடுத்திருக்கேன்."

பேனாவை நிறுத்தாதே என்பது உன் பிரசித்தி பெற்ற வாக்கு. தெருவில் போகிறவனுக்குக் கூடத் தெரியும். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளை வாசலில் நிறுத்தி, நெற்றியில் சிலுவை போட்டு, தெரியாட்டாலும் எழுதணும், பேனாவ நிறுத்தப்பிடாது என்று சொல்லி அனுப்புவாய். நம் ஊரில் எல்லா டீச்சரும் அதைத்தான் சொல்வார்கள். வெற்றுத்தாளுக்கு மார்க்கு இல்லை, எழுதின ஒவ்வொரு வரிக்கும் உண்டு.

அன்று நீ சாப்பிடவில்லை. நான் பயந்துபோனேன், உள்ளதைச் சொல்கிறேன். இனி இவள் நாகர்கோவில் பஸ் ஏற மாட்டாள் என்று நினைத்தேன். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். ஞாயிறு வகுப்பை விட்டுவிட்டு, திங்கள்கிழமை வழக்கம்போலப் பலகையில் எழுதி இரட்டைக் கோடு போட்டுக்கொண்டு இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? பிள்ளைகளுக்கு மார்க்கு வந்துகொண்டுதானே இருந்தது.

நீ திங்கள்கிழமை என்ன செய்தாய் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் மயிர் கூச்செறிகிறது. பாயில் பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும், பலகையில் மூன்றையும் மைனஸ் மூன்றையும் எழுதி, ஒன்பது வரை கொண்டுபோய், "சரியா மக்கா?" என்று கேட்டாய். சரி டீச்சர் என்று பாதிப் பிள்ளைகள் கத்தின. சில பிள்ளைகள் முழித்தன. "தப்பு. நான் உங்களுக்குச் சொல்லித் தந்ததும் இதே தப்புதான். எனக்குத் தெரியாம சொல்லித் தந்துட்டேன். நேத்தைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது" என்றாய். நான் அடுக்களை வாசலில் நின்று கேட்டேன். உன் குரலில் ஒரு பிசிறும் இல்லை. அதோடு நிற்கவும் இல்லை, பழைய பிள்ளைகளுக்கெல்லாம் ஒவ்வொருவராகப் போன் போட்டுச் சொன்னாய். ஒருத்தி அப்போது பிரசவ ஆசுபத்திரியில் இருந்தாள். அவளிடம்கூட!

அடுத்த நாளே சந்தைக்குச் செய்தி வந்துவிட்டது. ரசகதலி வாங்க வந்த ஒரு அம்மா, குலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "டீச்சருக்கே கணக்கு தெரியாதாமே, உள்ளதா?" என்றாள். எனக்கு வந்த கோபத்தில், குலையை அவள் கையிலிருந்து பிடுங்கி, "இந்தக் குலைக்கும் பழுக்கத் தெரியாது, நீங்க அடுத்த கடையில பாருங்க" என்றேன். அந்த மாதம் உன் பாயில் இடம் காலியாகத் தொடங்கியது. ஜங்ஷனில் இருக்கும் பெரிய டியூஷன் சென்டருக்குப் பிள்ளைகளை மாற்றினார்கள். வாசலில் செருப்புகள் குறைவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. கணக்கு டீச்சர் என்கிற பெயர்தான் உன் சம்பாத்தியம். அதை நீயே எடுத்துத் தெருவில் வைத்துவிட்டாய் என்று நினைத்தேன்.

உன் அண்ணன் பாய்ந்துகொண்டு வந்தார். "நாட்டுல உள்ள எல்லா பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தான் எழுதுதாவ. மார்க்கும் போடுதாவ. உனக்கு மட்டும் என்னத்துக்கு இந்த வேண்டாத வேல? பேசாம அந்தப் படிப்ப நிறுத்து. உள்ள பேரையும் கெடுத்துட்டு இருக்க."

நீ அவருக்குச் சாயா ஆற்றிக்கொண்டிருந்தாய். ஆற்றுவதை நிறுத்தாமல், "மார்க்கு கிடைக்கும் அண்ணாச்சி. ஆனா அது நிரூபணம் இல்ல" என்றாய்.

"நிரூபணம் வச்சு நாக்கு வழிக்கவா?"

"வழிக்க முடியாது. ஆனா இல்லாததை உண்டுன்னு இனி எனக்குச் சொல்ல முடியாது."

அவர் சாயாவைக் குடிக்காமல் போனார். எனக்கு அன்று உன்மேல் என்ன தோன்றியது என்று உன்னிடம் சொல்லவே இல்லை, சொல்லி எனக்குப் பழக்கமும் இல்லை. இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். அத்தனை குலை, அத்தனை தரகன், அத்தனை எடை, அத்தனை பொய் பார்த்த சந்தைக்காரன் நான். நாளைக்குப் பழுத்துவிடும் என்று சத்தியம் பண்ணி விற்கிறவர்கள் நடுவில் வாழ்கிறவன். என் வீட்டு அடுக்களையில் இப்படி ஒருத்தி நின்று சாயா ஆற்றுகிறாளே என்று எனக்கு நெஞ்சு நிறைந்து போய்விட்டது. அடுத்த ஞாயிறு பொதியில் மீன் இரண்டு துண்டு வைத்தேனே, அது இதற்காகத்தான். நீ அது என்ன கணக்கு என்று கேட்டாய். மீன் மலிவு என்று சொல்லிவிட்டேன்.

மிச்சமிருந்த பிள்ளைகளோடு நீ டியூஷனைத் தொடர்ந்தாய். ஒரு கணக்குக்கு ஒரு சாயங்காலம் போகும். முன்பெல்லாம் முன்னறையிலிருந்து உன் குரல் மட்டும் கேட்கும். அதற்கப்புறம் பிள்ளைகளின் குரல்தான் கேட்டது, டீச்சர் அது ஏன், இது ஏன் என்று. ஒரு தடவை பையன் ஒருவன் உன்னோடு மல்லுக்கு நின்றான். நீ பலகையைப் பார்த்து, அவனைப் பார்த்து, "நீ சொல்லுததுதான் சரி லே" என்றாய். அவன் வீட்டுக்குப் போகும்போது வாசலில் இருந்த என்னைப் பார்த்து, மாமா நான் டீச்சரைத் தோற்கடிச்சாச்சு என்று சொல்லிவிட்டுப் போனான். நீ உள்ளே சிரித்துக்கொண்டிருந்தாய்.

முதலாம் ஆண்டுப் பரீட்சை வந்தது. கடைசிப் பேப்பர் அன்று நானே நாகர்கோவிலுக்கு வந்து வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்தேன். நீ வெளியே வந்தாய், முகத்தில் ஒரு வெளிச்சம். எல்லாம் எழுதிவிட்டாள் போல என்று நினைத்தேன்.

"ஒரு கேள்வியில பாதியில நிறுத்திட்டேன்" என்றாய்.

"நேரம் காணல்லியா?"

"நேரம் கெடந்துது. ஒரு வரியில இருந்து அடுத்த வரிக்கு எப்படிப் போவதுன்னு தெரியல்ல. அதையே எழுதிட்டேன். 'இதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை' அப்படின்னு."

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா? பரீட்சையில எவளாவது தெரியாதுன்னு எழுதுவாளா? நீதானே ஊரு பூரா பேனாவ நிறுத்தாதேன்னு..."

"நிறுத்தினேன். நிறுத்திப் பாத்தேன். எவ்வளவு சுகமா இருக்கு தெரியுமா?"

பஸ் ஸ்டாண்டில் நீ ஐஸ்கிரீம் கேட்டாய். சின்னப்பிள்ளை மாதிரி நின்று தின்றாய். நான் பக்கத்தில் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றேன். ரிசல்ட் வந்தபோது நீ எல்லாப் பேப்பரும் பாஸ். அந்தப் பேப்பரிலும் பாஸ், தட்டித் தடவித்தான். நான் செந்துளுவன் குலை ஒன்றைக் கடை முன்னால் தொங்கவிட்டு, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் பழம் பிய்த்துக் கொடுத்தேன். லாரிக்காரன், மூட்டை தூக்குகிறவன், போலீஸ்காரன் ஒருத்தனையும் விடவில்லை. "என்ன விசேஷம், மகனுக்குக் கல்யாணமா?" என்று கேட்டார்கள். "எனக்க பெண்டாட்டி ஃபர்ஸ்ட் இயர் பாஸ்" என்றேன். சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே தின்றார்கள். தின்னட்டும் என்று இருந்தது எனக்கு.

இரண்டாம் ஆண்டு வகுப்பு தொடங்கி, புத்தகத்துக்கு நீ பிரவுன் அட்டை போட்டு முடித்திருந்தாய். ஒரு காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்தாய். தலைக்குள்ளே ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள் ஆசுபத்திரியில். அன்று சாயங்காலமே முடிந்தது. ஏன் இவளுக்கு, நேற்று வரை நன்றாகத்தானே இருந்தாள் என்று டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். சில பேருக்கு ஏன் வருகிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை என்றார். அந்த டாக்டர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதற்குமேல் அந்த நாளைப் பற்றி எழுத என்னால் முடியாது.

வீட்டு வாசலிலும் ஜங்ஷனிலும் உன் போட்டோ போட்டுக் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் வைத்தது உன் அண்ணன்தான். உன் பெயருக்குப் பின்னால் பி.எஸ்சி. கணிதம் என்று கொட்டை எழுத்தில் அடித்திருந்தார். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகை, கேட்டில் மாட்டுகிற பலகை, செத்த வீட்டு ஃபிளெக்ஸ், எதுவாக இருந்தாலும் பெயரோடு படிப்பு வந்தாக வேண்டும். படிப்பு இல்லாத பெயரைப் பார்த்தால் ஜனம் அடுத்த வரிக்குத் தாண்டிப் போய்விடும். அன்று நான் எதையும் பார்க்கிற நிலையில் இல்லை.

கல்லறைக்குக் கல் வைக்கிற நேரம் வந்தபோதுதான் பார்த்தேன். திருவட்டாறு ரோட்டில் கல் வெட்டுகிற பட்டறையில், கருப்புக் கல்லில் சுண்ணாம்பு எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள், வெட்டப் போகிற சமயம். உன் பெயர், அதன் கீழே பி.எஸ்சி. கணிதம்.

"மச்சான், இதை அழிக்கணும்" என்றேன் உன் அண்ணனிடம்.

"என்ன சொல்லுதீரு? ஃபிளெக்ஸுல போட்டு நாடு பூரா பாத்தாச்சு. கல்லுல இல்லேன்னா சனம் என்ன சொல்லும்?"

"அவ முடிக்கல்ல மச்சான்."

"உயிரோட இருந்திருந்தா முடிச்சிருப்பா."

"முடிச்சிருப்பா. ஆனா முடிக்கல்ல."

அவர் பட்டறை என்றும் பார்க்காமல் அழுதுவிட்டார். உன் அண்ணன் அழுது நான் பார்த்ததே இல்லை. "படிக்கப்பட்ட காலத்துல நான் அவளப் படிக்க விடல்ல. கெட்டிக் குடுத்து அனுப்பிட்டேன். பிறகு படிச்சப்பமும் ஏசிட்டே இருந்தேன். இந்த ரெண்டு எழுத்தையாவது எனக்க கையால அவளுக்குக் குடுக்கேன், விடும் மச்சான்" என்றார்.

எனக்கு மனசு இளகிவிட்டது. ரெண்டு எழுத்துத்தானே, போகட்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. கல்லறையில் யார் போய்ச் சர்ட்டிபிகேட் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அந்தச் சுண்ணாம்பு எழுத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு வேறொன்று உறைத்தது. நீ வாங்காத பட்டத்தை அங்கே வெட்டினால், நீ வாங்கினது அதற்குக் கீழே புதைந்து போகும். ஒரே பக்கத்தோடு மல்லுக்கட்டின வாரம், செருப்புகள் குறைந்த வாசல், பாதியில் நிறுத்திய பேனா, எல்லாம் சேர்ந்துதான் அந்த ஒரு வருஷம். அதை நீ முழுசாகச் சம்பாதித்தாய். அது என்ன குறைச்சல், மூடி மறைக்க?

கல் வெட்டுகிறவரிடம் சொன்னேன். "பி.எஸ்சி. கணிதம், முதலாம் ஆண்டு தேர்ச்சி. அப்படி வெட்டும்."

அவர் உளியைக் கீழே வைத்தார். "முதலாம் ஆண்டுன்னா? கல்லுல அப்படி இதுவரைக்கும் யாரும் வெட்டச் சொன்னதில்லியே அண்ணாச்சி."

உன் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவர் சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சொன்னதை வெட்டும் வேய். அந்தத் தேர்ச்சிய மட்டும் கொஞ்சம் பெருசா வெட்டும்" என்றார்.

பெரிசாகத்தான் வெட்டியிருக்கிறார். உன் பெயரைவிடப் பெரிசாக இருக்கிறது என்று மகன் வந்தபோது சொன்னான்.

கடையில் என் வியாபாரம் கொஞ்சம் மந்தம்தான், அதற்கும் நீதான் காரணம். வெள்ளிக்கிழமைக்குள்ள இந்த ஏத்தங்குலை பழுத்திருமா என்று யாராவது கேட்டால், முன்பு கண்ணை மூடிக்கொண்டு பழுத்திரும் என்பேன். இப்போது வாயில் அப்படி வரமாட்டேன் என்கிறது. குலையைத் தட்டிப் பார்த்துவிட்டு, தெரியல்ல என்கிறேன். சிலபேர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். சிலபேர் என்னிடம் மட்டும்தான் வாங்குகிறார்கள்.

போன கல்லறைத் திருநாளுக்கு உனக்கு மெழுகுதிரி கொளுத்தப் போயிருந்தேன். அடுத்த கல்லறைக்கு வந்த ஒரு அம்மா, வெளியூர்க்காரி, உன் கல்லைக் குனிந்து வாசித்தாள். பிறந்த வருஷத்தையும் இறந்த வருஷத்தையும் விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இந்த வயசுல ஃபர்ஸ்ட் இயரா?" என்று கேட்டாள்.

சுற்றிலும் எத்தனையோ கல்லில் எம்.ஏ., பி.எட்., என்ஜினியர் என்று வெட்டிக் கிடக்கிறது. அவற்றில் ஒன்றையும் அவள் நின்று வாசிக்கவில்லை. உன்னுடையதைத்தான் வாசித்தாள். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. செந்துளுவன் பிய்த்துக் கொடுத்த அன்று வந்த அதே குரல்தான் வந்தது, அந்தக் கல்லறைத் தோட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி.

"ஆமா, எனக்க பெண்டாட்டி. எல்லா பேப்பரும் பாஸ்."